நந்தன் ஏறாத ரயிலில் கிந்தன் ஏறினான்

(நெய்வேலி நகரியத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



மீம் எப்படிப் போடுவது, வீடியோ எப்படி வெட்டுவது என்றெல்லாம் காலையிலிருந்து கேட்டுவிட்டீர்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு கொஞ்சம் வேற. சினிமாக்காரர்கள் பழைய கதையை எடுத்து எப்படிப் புதுசாக்குகிறார்கள், அதில் நமக்கு என்ன பாடம்? பாடம் நடத்துகிற தகுதி எனக்கு இருக்கிறதா, தெரியாது. ஆனால் தப்பு செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட தகுதி இருக்கு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னாடி வாட்ஸ்அப்பில் ஒரு ஓவியம் வந்தது. ஏகலைவன் நிற்கிறான். எதிரே துரோணர். அவர் கையில் வில் இல்லை, ஒரு நுழைவுத் தேர்வு விண்ணப்பம் இருக்கிறது. அதில் கைரேகை வைக்கிற கட்டத்துக்குள் ஏகலைவனின் கட்டைவிரல் கிடக்கிறது. ஒரு வார்த்தை எழுத்து கிடையாது. பார்த்த உடனே நெஞ்சில் குத்தும்.

நான் என்ன செய்தேன்? ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து இருந்தது, அதை கிராப் பண்ணினேன். கீழே நம்ம கொடி, மேலே நாலு வார்த்தை. பதிவு போட்டாச்சு. அன்றைக்கு ராத்திரிக்குள் நம்ம மாவட்டத்தைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் இன்பாக்ஸில் ஒரு செய்தி. விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி. "அண்ணே, அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். துரோணராவது விரலைக் கேட்டு வாங்கினாரு. நீங்க என் கையெழுத்தைக் கேட்கக்கூட இல்லையே."

அவ்வளவுதான். திட்டவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்று நினைத்து அந்தப் படத்தைப் போட்டேனோ, அந்த ஆளிடமே துரோணர் வேலையைச் செய்திருக்கிறேன்.

முதலில் மனசு ஒரு சால்ஜாப்பு தேடியது. 'ஏகலைவன் கதையே அந்தப் பொண்ணோட கதையா? மகாபாரதத்திலிருந்து எடுத்ததுதானே? அவங்க எடுத்தாங்க, நான் எடுத்தேன், என்ன வித்தியாசம்?' இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையை எடுப்பது தப்பே இல்லை. தமிழில் நல்ல கதை சொன்னவர்கள் பெரும்பாலும் எடுத்துத்தான் சொன்னார்கள். கம்பன் எடுத்தான், வில்லிபுத்தூரார் எடுத்தார். நம்ம சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூத்து பார்க்கப் போயிருப்பீர்கள். ஆயிரம் தடவை ஆடின அதே பாரதம்தான். ஆனால் கட்டியங்காரன் வந்து இன்றைய விலைவாசியைப் பேசுவான், ஊர்ப் பெரிய மனுஷனைக் கிண்டல் பண்ணுவான். ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருப்பது முடிவு தெரியாமல் இல்லை. இந்த வருஷம் எப்படிச் சொல்லப் போறான் என்று பார்க்கத்தான்.

இப்போ நம்ம மாவட்டத்துப் பக்கமே நடந்த ஒரு கதைக்கு வருவோம். நந்தனார் கதை. அவர் போக ஆசைப்பட்ட சிதம்பரத்துக்கு நாம் வடலூரில் பஸ் மாறிப் போய்விட்டு சாயங்காலமே வீடு திரும்புகிறோம். நந்தனுக்கு அந்த வழி அவ்வளவு சுலபமாக இல்லை. "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் 'திருநாளைப்போவார்' என்று பேர் வந்துவிட்டது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இந்தக் கதையைச் சொன்னார். அதில் நந்தனைத் தடுப்பது தனக்குள்ளேயே இருக்கிற தயக்கம், தன் பிறப்பு பற்றி ஊர் போட்ட கோடு. அவரைப் போகவிடாமல் மிரட்டுகிற பண்ணையார் யாரும் அங்கே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதையே நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடினார். அவர் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்தார்: வேதியர். நந்தன் வேலை செய்யும் நிலத்தின் சொந்தக்காரர். "நாற்பது வேலி நிலத்தையும் அறுவடை பண்ணிவிட்டுப் போ" என்கிறார்.

இந்த ஒரு பாத்திரத்தைச் சேர்த்ததும் கதை என்ன ஆகிறது பாருங்கள். அதுவரைக்கும் பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவில் இருந்த விஷயம், கூலிக்காரனுக்கும் நிலக்காரனுக்கும் நடுவில் வந்துவிட்டது. லீவு கிடைக்குமா கிடைக்காதா என்கிற விஷயமாகிவிட்டது! ஷிப்டு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வலி புரியும்.

அப்புறம் சினிமா வந்தது. 1935-ல் 'பக்த நந்தனார்'. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய், அந்தக் காலத்தில்! 1942-ல் ஜெமினி 'நந்தனார்', தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டிலும் பாட்டு பிரமாதம். ஆனால் முடிவு மாறவில்லை. நந்தன் தீயில் இறங்கி எழுந்தால்தான் தில்லைக்குள்ளே போக முடியும். ஆலயக் கதவு அப்படியேதான் இருக்கிறது. மாற வேண்டியவன் நந்தன்தான்.

இதைத்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கையில் எடுத்தார். 1949-ல் 'நல்லதம்பி' படம். கதை வசனம் பேரறிஞர் அண்ணா. அந்தப் படமே ஒரு தழுவல்தான். ஃபிராங்க் காப்ரா 1936-ல் எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' படத்தை நம்ம மண்ணுக்கு மாற்றியது. அதற்குள்ளே கலைவாணர் ஒரு காலட்சேபம் பண்ணுகிறார். நந்தனார் சரித்திரம் போலவே மெட்டு, பாகவதர் பாணி, எல்லாம் அதேதான். ஆனால் நாயகன் பேர் கிந்தன்.

கிந்தனும் நந்தன் மாதிரியே தாழ்த்தப்பட்ட சேரிப் பிள்ளை. அவனுக்கும் ஒரு இடத்துக்குப் போகணும் என்று ஆசை. அது கோயில் இல்லை, பள்ளிக்கூடம். அங்கே போக அவன் தீயில் இறங்கவில்லை, ரயிலில் ஏறுகிறான். எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும் டிக்கெட் வாங்கினால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டிய ரயில்! கலைவாணர் கடவுளையும் திட்டவில்லை, பக்தனையும் கேலி செய்யவில்லை. போகிற இடத்தையும் போகிற வண்டியையும்தான் மாற்றினார். 800 வருஷத்துக் கதை தலைகீழாக நின்றது. சிரித்துக்கொண்டே கேட்ட ஜனம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது பற்றி யோசித்தது.

ரீமிக்ஸ் என்றால் இதுதான் தோழர்களே. நந்தனாரைத் தெரியாதவனுக்கு கிந்தனார் பாதிதான் புரியும். மூலத்தை மறைக்காமல், அதன் மேலேயே ஏறி நின்று பேசுகிற தைரியம் அது.

அடுத்த வருஷமே, 1950-ல், 'மந்திரி குமாரி'. தலைவர் கலைஞர் எழுதியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்தார். குண்டலகேசி நமக்கு முழுசாகக் கிடைக்கவே இல்லை, மிஞ்சியது 19 பாடல்தான். ஆனால் கதை பிழைத்திருக்கிறது. வணிகர் மகள் ஒருத்தி, கொலைக்களத்துக்கு இழுத்துப் போகப்படும் கள்வனைப் பார்த்துக் காதலிக்கிறாள். அவனை மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பின்னாளில் அவன் அவளைக் கொல்வதற்காக மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான். "சாகும் முன்னே உங்களை மூன்று முறை வலம் வந்துகொள்கிறேன்" என்று அனுமதி கேட்டு, சுற்றி வந்து, அவனையே பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

காப்பியத்தில் அதற்குப் பிறகு அவள் துறவியாகி, பௌத்தத்துக்கு வருகிறாள். உலகப் பற்று நிலையில்லாதது என்று சொல்ல வந்த கதை அது. கலைஞர் அந்த மலை உச்சியை அப்படியே வைத்துக்கொண்டார். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அந்தப் பாட்டை இன்றைக்கும் உங்கள் தாத்தா பாட்டி முணுமுணுப்பார்கள். ஆனால் கள்வனை யாருடைய மகனாக ஆக்கினார்? ராஜகுருவின் மகனாக! அரசனுக்கே புத்தி சொல்கிற இடத்தில் இருப்பவர் வீட்டுப் பிள்ளை ராத்திரியில் கொள்ளையடிக்கிறான். அவனைத் தள்ளிவிடும்போது அமுதவல்லி தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நாட்டு மக்களின் பக்கம் வந்து நிற்கிறாள். காட்சி ஒன்றுதான். கள்வனுக்கு ஒரு அப்பாவை மாற்றினார், மதக் கதை அரசியல் கதையாகிவிட்டது.

'பழசெல்லாம் சரிதான் தம்பி, இப்போ?' என்று கேட்பீர்கள். இப்போதும் அதேதான்.

கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்'. சிவாஜி கவச குண்டலத்தோடு வந்தார், பிரம்மாண்டம். 1991-ல் மணிரத்னத்தின் 'தளபதி'. அங்கே கர்ணனுக்குத் தேரும் இல்லை, கவசமும் இல்லை. பெற்றவள் பிள்ளையை ஆற்றில் விடவில்லை, கூட்ஸ் வண்டியில் விடுகிறாள். பாருங்கள், இங்கேயும் ரயில்!

2021-ல் மாரி செல்வராஜின் 'கர்ணன்'. அந்த ஊரில் பஸ் நிற்காது. ஒரு பஸ் ஸ்டாப்புக்காக ஊரே அடிபடுகிறது. அதில் ஊர்ப் பெரியவர் பேர் துரியோதனன். நாயகி பேர் திரௌபதி. அடிக்க வருகிற போலீஸ் அதிகாரி பேர் கண்ணபிரான். பேரை மட்டும் இடம் மாற்றி வைத்ததில் எவ்வளவு பெரிய கேள்வி! பாரதத்தில் யார் யாரைக் கெட்டவர்கள் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள், அதைச் சொன்னது யார் என்று படம் பார்க்கிறவனே கேட்டுக்கொள்கிறான். நந்தன் நடந்தே போக ஆசைப்பட்டான், கிந்தன் ரயில் ஏறினான், 2021-லும் ஒரு கர்ணன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பிரச்சினை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எல்லா ரீமேக்கும் இப்படிப் புரட்சி பண்ண வேண்டியதில்லை. ஊரை மாற்றிச் சரியாக நட்டாலே போதும், கதை வேர் பிடிக்கும். 1964-ல் தெலுங்கில் 'ராமுடு பீமுடு' வந்தது. 1965-ல் தமிழில் அதுதான் 'எங்க வீட்டுப் பிள்ளை', எம்.ஜி.ஆர். சாட்டையோடு வந்த படம். 1967-ல் இந்தியில் 'ராம் அவுர் ஷியாம்'. 2013-ல் மலையாளத்தில் வந்த 'த்ரிஷ்யம்' 2015-ல் 'பாபநாசம்' ஆனது. இயக்குநர் அதே ஜீத்து ஜோசப்தான். ஆனால் கமல் பேசியது திருநெல்வேலித் தமிழ். தாமிரபரணிக் கரையில் நடந்த கதை என்றே நம்ம ஜனம் நம்பியது. அந்தக் கதை சீனா வரைக்கும் போய் 2019-ல் அங்கேயும் படமானது.

சரி, எடுப்பது தப்பில்லை என்று இவ்வளவு சொல்லிவிட்டேன். அப்போ என் இன்பாக்ஸுக்கு வந்த அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். ஆர்.ஜி. ஆனந்த் என்று ஒரு நாடகாசிரியர். 'ஹம் இந்துஸ்தானி' என்று அவர் ஒரு நாடகம் போட்டார். பஞ்சாபிக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் டெல்லியில் சந்திக்கிற கதை. 1956-ல் 'நியூ டெல்லி' என்று இந்திப் படம் வந்தது, வைஜயந்திமாலா நடித்தது. 'என் நாடகத்தை எடுத்துட்டாங்க' என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1978-ல் தீர்ப்பு வந்தது. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது, அதைச் சொல்கிற விதத்துக்கு மட்டும்தான் உரிமை என்று சொல்லிவிட்டார்கள். ஆனந்த் தோற்றார்.

அதாவது ஏகலைவன் எல்லாருக்கும் பொது. விண்ணப்பத்தில் கட்டைவிரலை வைத்து வரைந்த அந்த ஓவியம் பொது இல்லை. அது அந்தத் தங்கச்சியின் உழைப்பு. என் சால்ஜாப்பு அங்கேயே செத்துப்போச்சு.

வெளியுலகத்திலும் இதுதான் நடைமுறை. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தை ஹாலிவுட்டில் முறைப்படி ரீமேக் செய்து 1960-ல் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' எடுத்தார்கள். பிரச்சினை இல்லை. அவருடைய 'யோஜிம்போ'வைக் கேட்காமல் எடுத்து 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆக்கினார்கள். கேஸ் வந்தது, வசூலில் பங்கு கொடுக்க வேண்டி வந்தது. இரண்டுமே நல்ல படம்தான். கேட்டு எடுத்ததும் கேட்காமல் எடுத்ததும்தான் வித்தியாசம்.

நம்ம தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. பாரதியார் பாட்டுகளை சினிமாவில் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 'பாரதி தனி ஒருத்தருக்குச் சொந்தமா?' என்று டி.கே. சண்முகம் உட்படப் பலர் குரல் கொடுத்தார்கள். 1949-ல் ஓமந்தூரார் அரசு அந்த உரிமையைப் பெற்றது. செட்டியாரும் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். ஒரு கவிஞன் எழுத்து மக்கள் சொத்தானது. அப்புறம் எத்தனையோ எழுத்தாளர்கள் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. 2024-ல் தலைவர் கலைஞரின் நூல்களும் நாட்டுடைமை ஆயின.

நாட்டுடைமை என்றால் என்ன? யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், நடிக்கலாம், பாடலாம். ஆனால் அட்டையில் இருக்கும் பாரதி பேரை அடித்துவிட்டு உங்கள் பேரைப் போட முடியுமா? முடியாது. எழுத்து பொதுவாகலாம், எழுதினவன் பேர் அழியக் கூடாது. பேரே இல்லாமல் உழைத்த ஜனங்களுக்குப் பேர் வாங்கித் தரக் கிளம்பிய இயக்கம் நாம். நம்ம பக்கத்திலேயே ஒருத்தர் பேரை வெட்டலாமா?

இங்கே இருப்பதில் பாதிப் பேர் இன்ஜினியரிங். ரெக்கார்டு நோட்டை யார் சொந்தமாக எழுதினோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பழக்கம்தான் ஃபார்வர்டு பட்டன் வரைக்கும் வந்திருக்கு. அதனால் வேலைக்கு உதவுகிற மாதிரி மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. படமோ வீடியோவோ எழுத்தோ, எடுக்கும் முன்னே கேளுங்கள். ஒரு மெசேஜ் போட ஒரு நிமிஷம் ஆகாது. பேரைப் போடுங்கள், கையெழுத்தை வெட்டாதீர்கள். யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், சொந்தமாக ஒன்று செய்யுங்கள்.

இரண்டு. எடுத்தால் திருப்புங்கள். வடிவேலு காட்சியில் தலையை மாற்றி ஒட்டுவதை ஊரே செய்கிறது. கலைவாணர் என்ன செய்தார் என்று யோசியுங்கள். கோயில் இருந்த இடத்தில் பள்ளிக்கூடம். உங்கள் மீமில் எது இருந்த இடத்தில் எதை வைக்கிறீர்கள்? அந்த ஒரு மாற்றம் நம்ம ஊர் மண்ணிலிருந்து வரட்டும். ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப், மந்தாரக்குப்பம் டீக்கடை, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இன்னும் பிள்ளைக்கு வேலை கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர். சென்னையில் உட்கார்ந்து எவராலும் இதை எழுத முடியாது.

மூன்று, ரொம்ப முக்கியம். கதையை மாற்றலாம், செய்தியை மாற்றக் கூடாது. குண்டலகேசியைத் திருப்பி எழுதினால் அது கலை. ஒருத்தர் அரை மணி நேரம் பேசின பேச்சில் பத்து நொடியை வெட்டி, அவர் சொல்லாத அர்த்தத்தை ஒட்டினால் அது பொய். எதிர்க்கட்சிக்காரர் பேச்சாக இருந்தாலும் பொய்தான். நமக்குச் செய்தால் கத்துகிறோம் இல்லையா? நாமும் செய்யக் கூடாது. கிந்தனாரைக் கேட்ட ஒருத்தரும் இது உண்மையில் நடந்தது என்று ஏமாறவில்லை. அதுதான் ரீமிக்ஸுக்கும் போலிக்கும் நடுவே இருக்கும் கோடு.

கடைசியாக, அந்தத் தங்கச்சி விஷயம். அன்றைக்கே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பழைய பதிவை எடுத்துவிட்டு, கையெழுத்தோடு முழுப் படத்தையும் திரும்பப் போட்டேன். வரைந்தவர் பேரை முதல் வரியில் எழுதினேன். நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். முதல் பதிவு போன தூரத்தில் கால்வாசிகூட இது போகவில்லை. திருத்தம் எப்போதுமே அப்படித்தான், மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் முதல் தடவையே சரியாகச் செய்ய வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்றும் கேட்டேன். "சொல்லுங்கண்ணே. ஆனா படத்துல என் பேர் இருக்கட்டும், பஞ்சாயத்துல வேணாம்" என்றார். அதனால் இங்கே பேரைச் சொல்லவில்லை.

இப்போ அவர் புதுசாக ஒன்று வரைந்துகொண்டிருக்கிறார். நந்தன் சிதம்பரம் போகிற வழியில் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறான், பக்கத்தில் புத்தகப் பையோடு ஒரு சின்னப் பொண்ணு. இரண்டு பேரும் ஒரே வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். முடிந்ததும் நம்ம பக்கத்தில் போடலாமா என்று நானே கேட்டிருக்கிறேன்.

இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன். வந்தால் போடுவோம், வராவிட்டால் போட மாட்டோம்.



#கதை_பொது_பேர்_சொந்தம் #நந்தனும்_கிந்தனும் #நெய்வேலி